பிஎச்.டி. ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: பணம், கைடு, மனசு, வேலை

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கலைக் கல்லூரிகளிலும் முழுநேர ஆய்வாளராக இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஹாஸ்டல் வராந்தாவில் கேட்டது, நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வந்தது, யாருடைய வைவாவோ (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு) முடிந்து டீ குடிக்கும்போது கேட்டது என எல்லாம் உண்டு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். விதி என்று நான் சொல்வது பெரும்பாலும் 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. ஒழுங்குமுறை. உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு மேல் சொந்த விதிகள் வைத்திருக்கும். அந்தப் பிடிஎஃப்பை ஒருமுறை இறக்கி முழுசாகப் படித்துவிடுங்கள், பலர் தீசிஸ் கொடுக்கும் வாரத்தில்தான் அதை முதல்முறை திறக்கிறார்கள்.

ஃபெல்லோஷிப் இல்லாமயே சேர்ந்துட்டேன். இனிமே எதுவும் கிடைக்காதா?

கிடைக்கும். பிஎச்.டி. பதிவு செய்த பிறகும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கலாம், வயது வரம்புக்குள் இருந்தால் போதும். பொதுப்பிரிவுக்கு 30, பெண்கள், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. ஹாஸ்டல் கிடைக்காதவர்களுக்கு வாடகைப்படி தனி.

அது இல்லையென்றால் எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப்கள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரே பெண் பிள்ளை என்றால் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் யுஜிசி தருவது இருக்கிறது. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 25,000 ரூபாய். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர எஸ்சி, எஸ்டி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. தகுதியுள்ள பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இவற்றுக்கெல்லாம் அறிவிப்பு வரும், சில வாரத்தில் கடைசித் தேதி முடிந்துவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, பதிவு ஆணை, கைடு கடிதம் நான்கையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள்.

ஜேஆர்எஃப் பணம் மூணு மாசமா வரல. யார்கிட்ட கேக்குறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யுஜிசி ஃபெல்லோஷிப் பணம் கனரா வங்கியின் போர்ட்டல் வழியாக வருகிறது. ஒவ்வொரு மாதமும் உங்கள் பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' என்று ஒருவர் உங்கள் பெயருக்கு நேரே அந்த மாத விவரத்தைப் பதிய வேண்டும், 'செக்கர்' என்று இன்னொருவர் அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் அந்த மாதப் பணம் நிற்கும். தில்லியில் ஏதோ தாமதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், விஷயம் நம் நிர்வாகக் கட்டடத்தின் மாடியிலேயே இருக்கும்.

அதனால் முதலில் உங்கள் துறை அலுவலகத்தில் போய் வருகைப் பதிவும் கன்டினுவேஷன் சர்டிபிகேட்டும் மேலே போய்விட்டனவா என்று கேளுங்கள். அடுத்து மேக்கர் யார் என்று கண்டுபிடித்து, போர்ட்டலில் உங்கள் நிலை என்ன என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். காட்டுவார்கள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு ஆண்டு முடிகிற சமயம் என்றால் எஸ்ஆர்எஃப் மதிப்பீட்டுக் குழு கூடாததுதான் காரணமாக இருக்கும். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வர வேண்டிய குழு அது, தேதி கிடைக்கவே நாளாகும், எனவே இரண்டு மூன்று மாதம் முன்பே கைடிடம் ஞாபகப்படுத்துங்கள். பேசியதையெல்லாம் அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகப் போட்டு வையுங்கள். பின்னால் வரும் பல பதில்களில் இதையே சொல்லப்போகிறேன்.

கன்டின்ஜென்சி பணத்துல லேப்டாப், நாற்காலி எல்லாம் வாங்கலாமா?

கன்டின்ஜென்சி என்பது ஆய்வுச் செலவுக்குத் தனியாகத் தரும் தொகை. நாற்காலி, மேசை கூடாது. புத்தகம், வேதிப்பொருள், களப்பணிப் பயணம், தட்டச்சு, அச்சு போன்றவற்றுக்குத்தான். யுஜிசி ஜேஆர்எஃப்பில் கலைத்துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. லேப்டாப் பற்றி உங்கள் நிதிப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்? ஆறு வருஷம் தாண்டிட்டா அவ்வளவுதானா?

கோர்ஸ்வொர்க் (தொடக்கத்தில் படிக்கும் பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஆறு தாண்டினால் மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டு வரை போகலாம், அதாவது மொத்தம் எட்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு கூடுதல், மொத்தம் பத்து. ஆனால் ஃபெல்லோஷிப் ஐந்து ஆண்டோடு நின்றுவிடும். ஐந்தாம் ஆண்டு முடிவுக்கும் வைவாவுக்கும் நடுவே வருமானமே இல்லாத ஒரு காலம் வரும். நான் பார்த்த வரையில் ஆய்வாளர்கள் அதிகம் உடைந்துபோவது அந்த இடைவெளியில்தான். நான்காம் ஆண்டிலேயே மாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடிந்தால் வையுங்கள்.

பேப்பர் போட்டாத்தான் தீசிஸ் வாங்குவாங்களா?

2016 விதிப்படி ஒரு கட்டுரையும் இரண்டு மாநாட்டு வாசிப்பும் கட்டாயமாக இருந்தன. 2022 விதியில் அந்தக் கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை இன்னும் வைத்திருக்கின்றன, உங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான். பதிவு செய்த ஆண்டின் விதிதான் உங்களுக்குப் பொருந்துமா, இடையில் மாறியது பொருந்துமா என்பதை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டாயம் இல்லையென்றாலும் போடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தீசிஸை யாரும் முழுசாகப் படிக்க மாட்டார்கள், கட்டுரையைப் படிப்பார்கள். யுஜிசி ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது, ஆகவே எது நல்ல இதழ் என்று பார்ப்பது இப்போது நம் பொறுப்பு. பத்து நாளில் வெளியிடுகிறோம், இத்தனை ஆயிரம் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவற்றின் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் தலைப்பில் நீங்களே மதித்துப் படிக்கும் கட்டுரைகள் எந்த இதழில் வந்திருக்கின்றன என்று பாருங்கள். அந்த இதழுக்கு அனுப்புங்கள்.

ஆய்வாளருக்கு லீவு உண்டா? கேட்டாலே ஒரு மாதிரி பாக்குறாங்க.

உண்டு. ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப்காரர்களுக்குப் பொது விடுமுறை போக ஆண்டுக்கு 30 நாள். கோடை விடுமுறை மாதிரியானவை மட்டும் நமக்குக் கிடையாது. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பு, பிஎச்.டி. காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை.

கர்ப்பமாக இருப்பதைக் கைடிடம் சொல்லப் பயந்து ஏழாம் மாதம் வரை லேபில் நின்று வேலை செய்த பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அதுவும் கரைப்பான்கள், கதிர்வீச்சு புழங்கும் இடமென்றால் கண்டிப்பாக ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்தில் விதி எண்ணைக் குறிப்பிட்டுத் துறைத்தலைவர் வழியாகக் கொடுங்கள். 'அனுமதித்து உதவ வேண்டுகிறேன்' என்று உருக வேண்டிய தேவை இல்லை. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு எடுக்கிறேன் என்று எழுதினால் போதும்.

கைடு பேப்பர் திருத்தச் சொல்றார், வகுப்பு எடுக்கச் சொல்றார், அவங்க வீட்டு கரண்ட் பில்லும் கட்டச் சொல்றார். எது வரைக்கும் செய்யணும்?

மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். வகுப்பெடுப்பதும், லேபில் இளநிலை மாணவர்களுக்குச் சொல்லித் தருவதும், விடைத்தாள் மதிப்பிட உதவுவதும் ஆய்வாளரின் பயிற்சியில் சேரும். வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை தரலாம் என்று விதியே சொல்கிறது. அது உங்களுக்கும் நல்லது, நேர்முகத்தேர்வில் கற்பித்தல் அனுபவம் என்று காட்டலாம். அதனால் எந்தப் பாடம், எத்தனை மணி என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் பதினைந்து மணி நேரம் என்று போனால் அடுத்த டிசி (ஆராய்ச்சி ஆலோசனைக் குழு) மீட்டிங்கில் முன்னேற்ற அறிக்கையிலேயே கற்பித்தல் நேரத்தைக் குறிப்பிடுங்கள், குழுவில் இருப்பவர்கள் கேட்பார்கள். வீட்டு வேலை உங்கள் கடமையே கிடையாது. நேருக்கு நேர் மறுக்க முடியாத நிலை பலருக்கு என்பது எனக்குப் புரிகிறது. 'இன்னைக்கு எக்ஸ்பெரிமென்ட் ஓடுது சார்', 'நூலகத்தில் ஸ்லாட் போட்டிருக்கேன் மேடம்' என்று வேலையைக் காட்டியே தள்ளிப்போட்டால் பெரும்பாலும் மெதுவாக நின்றுபோகும். நிற்கவில்லையென்றால் கைடு மாற்றம், புகார் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறேன்.

நாலு மாசமா என் சாப்டரை கைடு படிக்கவே இல்ல. கேட்டா 'பாக்கலாம்'ங்கறார்.

நூறு பக்கத்தை மொத்தமாகக் கொடுத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். பத்துப் பக்கம் கொடுங்கள், கூடவே மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள்: இந்த வாதம் நிற்கிறதா, இந்தச் சான்று போதுமா, அடுத்து இதைச் செய்யலாமா என்று. 'படித்துப் பாருங்கள்' என்பதற்கு வராத பதில் இதற்கு வரும். சந்திப்பு முடிந்ததும் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல்: 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, அடுத்த 20-ஆம் தேதிக்குள் இதை முடித்துத் தருகிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.' ஐந்து வரி போதும். ஓராண்டு கழித்து 'நான் இதைச் செய்யச் சொல்லவே இல்லையே' என்று பேச்சு வந்தால் அந்த ஐந்து வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

அதற்கும் மசியவில்லையென்றால், ஆராய்ச்சி ஆலோசனைக் குழு, அதாவது நாம் டிசி என்று சொல்வது, ஒவ்வொரு செமஸ்டரும் கூடி உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் கூடாமலே பேப்பரில் மட்டும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். கைடைத் தவிர உங்கள் ஆய்வைத் தெரிந்த இரண்டு மூன்று பேராசிரியர்கள் உட்காரும் ஒரே இடம் அதுதான், பின்னால் சிபாரிசுக் கடிதம் தரப்போகிறவர்களும் அவர்கள்தான்.

காலைல எழுந்தா டிபார்ட்மென்ட் போகவே பிடிக்கல. இது சோம்பேறித்தனமா, வேற ஏதாவதா?

சோம்பேறித்தனம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். 2018-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களிடம், கேட்டதில் 39 சதவீதம் பேர் நடுத்தரம் முதல் கடுமையான மனச்சோர்வு அளவில் இருந்தார்கள். பொதுமக்களில் அது 6 சதவீதம். கைடோடு உறவு சரியாக இல்லாதவர்களிடம் இது அதிகம் இருந்தது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆக, இதில் நம் வேலையின் அமைப்புக்கும் பங்கிருக்கிறது: ஆண்டுக்கணக்கில் தனியாக உழைப்பு, எப்போது முடியும் என்று தெரியாத நிலை, ஒரே ஒருவர் கையில் எல்லாம்.

ஒரு வாரம் சலிப்பு என்றால் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், நாலு பேரோடு பேசுங்கள், சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த விஷயமும் பிடிக்காமல், 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற நினைப்பு விடாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது, செலவு இல்லை. ராத்திரி ஒரு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416. இதுதான் டெலி மானஸ், நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று நடத்துகிறார்கள். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், இந்த எண்ணுக்கோ சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகாவுக்கோ, 044-24640050, கூப்பிடுங்கள். பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்புங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

கவுன்சிலரைப் பார்த்தா கைடுக்குத் தெரிஞ்சுடாதா?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் மட்டும் விலக்கு. முதல் சந்திப்பிலேயே 'நான் சொல்றது யார் யாருக்குப் போகும்?' என்று கேளுங்கள். நல்ல ஆலோசகர் தெளிவாகப் பதில் சொல்வார். வளாகத்தில் ஆலோசகராக இருப்பவர் உங்கள் துறைப் பேராசிரியராகவே இருந்தால், அப்படியும் சில இடங்களில் இருக்கிறது, வெளியே அரசு மருத்துவமனைக்குப் போவது நல்லது. கைடிடம் 'உடல்நிலை சரியில்லை, மருத்துவரைப் பார்க்கிறேன்' என்பதற்கு மேல் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

'இன்னும் எத்தன வருஷம் படிப்ப?'னு வீட்டுல கேட்டுட்டே இருக்காங்க. கல்யாணம் ஆனா ஆராய்ச்சி போயிடுமா?

வீட்டில் கேட்பது பெரும்பாலும் கவலையால்தான், ஆனால் குடும்பத்திலேயே முதல் ஆளாக ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு அதை விளக்குவதே தனிப்பாடு. 'படிக்கிறேன்' என்று சொல்லாமல் 'மாதம் இவ்வளவு வருகிறது, இந்த ஆண்டு இந்தப் பகுதி முடிகிறது, 2028-க்குள் முடியும்' என்று சொல்லிப்பாருங்கள். ஒரு தேதி சொன்னால் கேள்வி குறையும். ஒருமுறை அப்பா அம்மாவைத் துறைக்கே கூட்டிவந்து நீங்கள் உட்காரும் இடத்தைக் காட்டுங்கள்.

கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண்களுக்கு விதியில் இடம் இருக்கிறது: இதுவரை செய்த ஆய்வை, தரவோடு, போகும் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலை பழைய கைடுக்கோ நிறுவனத்துக்கோ வந்த நிதித் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது, செய்த பகுதிக்கு அவர்களுக்கு உரிய நன்றி குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் பாதியில் விட்டவர்கள் நிறைய. தேதி நிச்சயமாவதற்கு முன்பே அந்த ஊரில் கைடு தேடத் தொடங்கிவிடுங்கள்.

பிஎச்.டி. முடிச்சா வாத்தியார் வேலை மட்டும்தானா?

வாத்தியார் வேலை என்று மட்டும் நினைத்தால் காத்திருப்பு நீளும். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆகவே பட்டம் கையில் இருந்தாலும் நெட்டை முடித்து வைத்திருப்பது பாதுகாப்பு. அரசுக் கல்லூரிகளுக்கு டிஆர்பி வழியாக ஆள் எடுக்கிறார்கள். அந்த அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, அதுவரை கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகள் ஓடிவிடும். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம் என்கிறேன்.

அறிவியல் ஆட்களுக்குக் காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல்), அடையாறு சிஎல்ஆர்ஐ (தோல் ஆராய்ச்சி), கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் இருக்கும் நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள், மருந்து நிறுவனங்கள், காப்புரிமை அலுவலகத்தில் தேர்வாளர் பணி, மருத்துவ எழுத்து, புள்ளிவிவரப் பகுப்பாய்வு என்று வழிகள் இருக்கின்றன. கிண்டியிலேயே காப்புரிமை அலுவலகம் இருப்பது நம் லேப்களில் பலருக்குத் தெரியாது. சூழலியல் படித்தவர்கள் ஆனைகட்டி சாக்கான் (பறவையியல், இயற்கை வரலாற்று மையம்), தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களின் திட்டப் பணிகளைப் பாருங்கள்.

நான் தமிழ் / வரலாறு. எனக்கு என்ன இருக்கு?

தமிழ்நாடு தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, பெரும்பாக்கத்தில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகப் பணிகள், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். சுவடி வாசிக்கத் தெரிந்தவர், வட்டெழுத்து தெரிந்தவர், பழைய ஆவணத்தை விவரப்பட்டியல் இடத் தெரிந்தவர் இங்கெல்லாம் தேவைப்படுகிறார்கள். இவை தவிர பதிப்பகங்கள், மொழிபெயர்ப்பு, அகராதிப் பணி, கணினித் தமிழ் சார்ந்த நிறுவனங்கள். உங்கள் தீசிஸ் தலைப்பைவிட அதைச் செய்யும்போது கற்ற கைத்திறன்தான் இங்கே வேலை வாங்கித் தரும். அதனால் இரண்டாம் ஆண்டுக்குள் ஏதாவது ஒன்றில், கல்வெட்டோ சுவடியோ யூனிகோட் தரவோ, நன்றாகக் கைதேர்ந்துவிடுங்கள்.

அதுக்கெல்லாம் இப்ப இருந்தே என்ன செய்யணும்? தீசிஸ் எழுதவே நேரமில்ல.

வாரம் இரண்டு மணி நேரம் போதும். இன்றைக்கே ஆர்சிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) ஒன்று பதிந்துகொள்ளுங்கள், இலவசம். உங்கள் பெயர் ஒரு கட்டுரையில் தந்தை பெயரோடும் இன்னொன்றில் தலைப்பெழுத்தோடும் வந்தாலும் எல்லாம் ஓரிடத்தில் சேரும். ஒரு முழு சிவி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள். வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை ஏற்கப்பட்டால் ஏஎன்ஆர்எஃப், சிஎஸ்ஐஆர் ஆகிய மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்புகளின் பயண உதவிக்கு விண்ணப்பியுங்கள், கைக்காசு போட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன, உங்கள் நூலகரிடம் எப்படி உள்ளே போவது என்று கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு முன் அதே துறையில் முடித்த ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பேசுங்கள், எந்தப் பயிற்சிப் பட்டறையைவிடவும் அது உதவும். 'அண்ணா, நீங்க இப்ப பண்ற வேலை என்ன, அதுக்கு எப்படிப் போனீங்க?' என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

வெளிநாடு போஸ்ட்டாக் போகணும். வைவா முடிஞ்சு அப்ளை பண்ணா போதுமா?

அது தாமதம். போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு, தீசிஸ் கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே ஆரம்பியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்குக் கடைசித் தேதிக்குள் பட்டத் தகுதி வந்திருக்க வேண்டும், ஜெர்மனியின் ஹம்போல்ட்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். இரண்டுக்குமே அங்கே ஏற்றுக்கொள்ளும் ஒரு பேராசிரியர் முதலில் வேண்டும். அவருடைய இரண்டு கட்டுரையாவது படித்துவிட்டு, உங்கள் வேலை அதில் எங்கே சேரும் என்று எட்டுப் பத்து வரியில் எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது. பிஎச்.டி. நடுவிலேயே போக ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெல்லோஷிப் இருக்கிறது, ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில். அதையும் பாருங்கள்.

தீசிஸ் கொடுத்து ஒன்பது மாசம் ஆச்சு, வைவா வரல.

கொடுத்த நாளிலிருந்து வைவா உட்பட ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது யுஜிசி விதி. எந்தத் தேர்வாளரிடம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது, ஆனால் 'எத்தனை அறிக்கை வந்திருக்கிறது, நினைவூட்டல் எப்போது போனது' என்று கேட்கலாம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் இதே கேள்விகளை மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம்.

கைடை மாத்த முடியுமா? மாத்தினா என் பேரு கெட்டுடாதா?

முடியும். கைடு ஓய்வு பெறுவது, வேறு ஊர் போவது, ஆய்வு திசை மாறுவது, உறவு முறிவது என எல்லாக் காரணத்துக்கும் மாற்றியிருக்கிறார்கள். முதலில் சத்தமில்லாமல் புதியவரைக் கண்டுபிடியுங்கள். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 ஆய்வாளர்கள்தான் வரம்பு, ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதியவரை எடுக்க முடியாது. எனவே அவரிடம் காலியிடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் துறைத்தலைவரிடம் பேசுங்கள். கடிதத்தில் குற்றச்சாட்டு எழுத வேண்டாம், 'ஆய்வின் தற்போதைய திசைக்கு இவருடைய துறையறிவு பொருந்துகிறது' என்று எழுதினாலே நகரும். பல இடங்களில் பழைய கைடின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அவர் தர மறுத்தால் விஷயம் டிசிக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் போகும். நான் முன்பே சொன்ன மின்னஞ்சல்கள் அங்கே பேசும்.

பேரைப் பற்றி: ஆறு மாதம் பேசுவார்கள். ஆறு ஆண்டு கஷ்டத்துக்கு அது பரவாயில்லை.

கைடே தப்பா நடந்துக்கிட்டா? புகார் கொடுத்தா என் டிகிரி என்ன ஆகும்?

பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழு, ஐசிசி. 2013-ஆம் ஆண்டு சட்டமும் யுஜிசியின் 2015 ஒழுங்குமுறையும் உங்களுக்குப் பொருந்தும், யுஜிசி விதியில் ஆண் மாணவர்களும் திருநர்களும் அடக்கம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். உங்கள் பயத்துக்கு நேரான பதில் அந்த 2015 விதியிலேயே இருக்கிறது: விசாரணை நடக்கும்போது, எதிர்த்தரப்பினர் உங்கள் வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று குழு தடுக்கலாம். புகாரோடு சேர்த்தே அந்த இடைக்காலப் பாதுகாப்பையும் கேளுங்கள். கேட்காமல் தானாக வராது. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், தேதியோடு நடந்ததை எழுதி வையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடமாவது உடனே சொல்லுங்கள்.

மற்றபடி உதவித்தொகை நிறுத்தம், சான்றிதழ் பிடித்து வைப்பது போன்றவற்றுக்கு 2023 விதிப்படி மாணவர் குறைதீர் குழு இருக்கிறது. 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் ஆம்புட்ஸ்பர்சனிடம் (மேல்முறையீடு கேட்கும் குறைதீர் அதிகாரி) போகலாம், அவர் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். சாதி சொல்லி இழிவு செய்தால் எஸ்சி, எஸ்டி பிரிவு தனியாக இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாலு வருஷம் ஆச்சு. விட்டுடலாம்னு தோணுது. விடலாமா?

விடலாம், அது குற்றமில்லை. ஆனால் மனம் ரொம்பச் சோர்ந்திருக்கும் வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம், முதலில் மேலே சொன்ன மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால், எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள்: கைடு என்றால் கைடை மாற்றலாம், பணம் என்றால் முறைப்படி பகுதிநேரமாக மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகலாம், உடல்நிலை என்றால் விடுப்பு எடுக்கலாம். ஆராய்ச்சியே பிடிக்கவில்லை என்றால் கிளம்புவதுதான் சரி.

கிளம்புவதென்றால் முறையாகக் கிளம்புங்கள். ஃபெல்லோஷிப் விதிகளில் பாதியில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று உங்கள் திட்டத்தின் ஆணையில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் பதிவு ரத்து கேட்டு, நிலுவையில்லாச் சான்றும் அசல் சான்றிதழ்களும் வாங்கிக்கொண்டு, கோர்ஸ்வொர்க் மதிப்பெண் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். சேகரித்த தரவின் பிரதியை யார் வைத்திருப்பது, அதில் கட்டுரை வந்தால் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதையும் போகும் முன்பே கைடிடம் பேசி ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். சிவியில் அந்த நான்கு ஆண்டையும் 'ஆய்வாளர்' என்று தேதியோடு போடுங்கள், செய்த வேலையைக் கீழே எழுதுங்கள்.